இடப்பக்கத்துப் பேட்டரி

மூன்றாவது பேட்டரியும் செத்துப்போன அன்றுதான், திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று வீரம்மா முடிவு கட்டினாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கிள்ளான் பட்டணத்தில் ஒற்றை பஸ்ஸை வைத்துப் பிழைக்கிற விதவைக்குச் சந்தேகம்தான் காவல் நாய். அது குரைக்காத வீட்டில் கதவே மிஞ்சாது. புருஷன் சின்னையா அந்தப் பழைய பஸ்ஸை வாங்கினான், சிவப்புப் பெயின்ட் அடித்தான், காப்பார் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய் ஷா ஆலமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இறக்கிவிடும் குத்தகையையும் பிடித்தான். பிடித்த கையோடு, தீபாவளி முடிந்த மறுவாரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. பஸ் இருந்தது. அதை ஓட்டச் சின்னையாவின் தம்பி பக்கிரிசாமி இருந்தான்.

இப்போது அந்த பஸ்ஸுக்கே ஆபத்து வந்துவிட்டது. எண்பத்தைந்தாம் ஆண்டு அது. தொழிற்சாலைகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைந்தால் பஸ்ஸும் குறையும். எந்த பஸ்ஸைக் கழிக்கலாம் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பக்கிரிசாமி பக்கத்து லோரிக்காரனைக் கெஞ்சி அவன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து பஸ்ஸைக் கிளப்பி எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், பெண்பிள்ளைகள் ரோட்டோரத்தில் நின்று நின்று அலுத்துப்போயிருப்பார்கள். இன்னொரு தரம் தாமதமானால் வேறு ஆளுக்கு வழியைக் கொடுத்துவிடுவோம் என்று தொழிற்சாலையில் போக்குவரத்தைப் பார்க்கிற மலாய்க்காரர் மரியாதையாகவே சொல்லிவிட்டார். மரியாதையாகச் சொன்னதால்தான் வீரம்மாவுக்குப் பயம் பிடித்தது.

அந்த பஸ்ஸுக்கு ஒன்றல்ல, இரண்டு பேட்டரி. ஏறும் படிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஜோடியாக உட்கார்ந்திருக்கும். சாவது எப்போதும் இடப்பக்கத்துப் பேட்டரிதான். வலப்பக்கத்தது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. ஒரே பெட்டிக்குள் இருக்கிற இரண்டில் ஒரு பக்கம் மட்டும் எப்படித் திரும்பத் திரும்பச் சாகும்? வீரம்மாவின் கணக்கு நேரான கணக்கு. நல்லதைக் கழற்றி விற்றுவிட்டு, எங்கேயோ கிடந்த பழசைக் கொண்டுவந்து வைக்கிறான். இரண்டையும் மாற்றினால் தெரிந்துவிடும் என்று ஒன்றை மட்டும் மாற்றுகிறான். கெட்டிக்காரன்.

"அவரு ஒங்க கொழுந்தனாச்சேன்னு பாக்காதீங்கக்கா," என்றாள் அடுத்த வீட்டுத் தங்கமணி. தங்கமணி நல்லவள்தான். ஆனால் எரிகிற வீட்டைக் கண்டால் தண்ணீர் எடுக்க ஓடும்போதே கொஞ்சம் விசிறிவிட்டும் போகிற ரகம். "வேலியே பயிர மேயிற காலம்லா இது. பந்திங்ல எங்க மாமா லோரியில இப்படித்தான் டயர மாத்திட்டான் டிரைவரு."

"பக்கிரி அப்படிப்பட்டவன் இல்ல," என்றாள் வீரம்மா.

"நான் சொல்லலக்கா. நெருப்பில்லாம பொகையாதுன்னு சொல்றேன்."

அன்று சாயங்காலமே, பஸ்ஸுக்கு அடித்ததில் மிஞ்சிய சிவப்புப் பெயின்ட்டை எடுத்து, புதிதாக வைத்த பேட்டரியின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், ஒரு பொட்டு வைத்தாள் வீரம்மா. மாரியம்மனுக்கு வைப்பது மாதிரி பக்தியோடுதான் வைத்தாள். மறுநாள் பாசாருக்குப் போய்க் கெட்டியான பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கிவந்து பேட்டரிப் பெட்டிக்குப் போட்டாள். பூட்டோடு வந்த இரண்டு சாவியும் அவள் இடுப்பில்.

பக்கிரிசாமி பூட்டைப் பார்த்தான். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தவன், அண்ணனைப் போலவே அகன்ற முகம், அண்ணனைப் போல வாயாடத் தெரியாது.

"என்னாண்ணி பூட்டு?"

"ஊரு கெட்டுக் கெடக்கு தம்பி. ராத்திரியில யாராச்சும் கழட்டிட்டுப் போயிட்டா?"

"தண்ணி ஊத்தணுமேண்ணி. வலப்பக்கம் தண்ணி கொதிச்சு கொதிச்சு வத்திப் போவுது."

"ஊத்துறப்ப என்னைய கூப்புடு."

அதிலிருந்து பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே நிற்பாள். அவன் குனிந்து ஊற்றுவான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெட்டிக்குள்ளே தடித்த வயர்களும் மெல்லிய வயர்களும் பின்னிக் கிடக்கும். எது எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. அதிலே ஒரே ஒரு வயரை மட்டும் அவளுக்குத் தெரியும். அது அவள் சொல்லிப் போட்ட வயர்.

அந்த வயரின் கதை இது. சின்னையாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் முன்பக்கத்தில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மாரியம்மன் படம், இரண்டு பக்கமும் சின்னச் சிவப்பு பல்புகள். அவன் இறந்த பிறகு கார் போய்விட்டது. பேழையை மட்டும் வீரம்மா விடவில்லை. அம்மன் படத்துக்குக் கீழே சின்னையாவின் பாஸ்போர்ட் படத்தைச் செருகி, பதினாறாம் நாள் கருமாதி முடிந்த கையோடு பஸ்ஸில் ஸ்டியரிங்குக்கு மேலே வைக்கச் சொன்னாள். "ஒங்க அண்ணன் வாங்கின பஸ்ஸு. அவரு வெளக்கு ஒரு வருசத்துக்கு அணையக் கூடாது. வண்டி நின்னாலும் எரியணும். அணைஞ்சா எனக்கு ஆகாது," என்று தலைவிரி கோலமாக நின்று சொன்னாள். பக்கிரிசாமி அழுதுகொண்டே வயர் இழுத்தான். அன்றிலிருந்து அந்த விளக்கு அணையவில்லை. பேட்டரி செத்த காலைகளில்கூட மங்கலாக எரிந்தபடி அவளைப் பார்த்தது. திருடன் மேல் அவளுக்கு ஆத்திரம் பொங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி திருடுகிறானே!

பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ளேயே நான்காவது பேட்டரியும் படுத்துக்கொண்டது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை, ஓட்டம் இல்லை.

வேறு யாராவது இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். வீரம்மா பெட்டியைத் திறந்து பேட்டரியைச் சாய்த்துப் பார்த்தாள். சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அதாவது அதே பேட்டரி. யாரும் மாற்றவில்லை. ஆனால் சந்தேகம் ஒரு முறை வாசலுக்குள் கால் வைத்துவிட்டால், வெளியே போக வழி இருந்தாலும் போகாது. 'கள்ளச்சாவி செஞ்சிட்டான்,' என்று நினைத்தாள். 'பேட்டரிய மாத்தல, உள்ள இருக்குற சரக்க மாத்திட்டான்.' பேட்டரிக்குள் என்ன சரக்கு இருக்கிறது, அதை எப்படி மாற்றுவது என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அந்த வாரம் தங்கமணி இன்னொரு சேதியோடு வந்தாள். சனிக்கிழமை அவள் பிரிக்பீல்ட்ஸுக்குத் தங்கை வீட்டுக்குப் போனபோது பக்கிரிசாமியை அங்கே பார்த்தாளாம். கையில் ஒரு பையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து நடந்தானாம்.

வீரம்மா மறுநாள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "சனிக்கெழம எங்க தம்பி, ஆளையே காணோம்?"

"வீட்லதாண்ணி இருந்தேன்," என்றான் பக்கிரிசாமி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

பொய். முகத்துக்கு நேராகப் பொய். அதுவரை அவள் மனசின் ஒரு மூலை, இவன் திருடவில்லை என்று யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையும் அன்று அடைபட்டது.

அவன் மோட்டார் சைக்கிளில் காப்பாரில் இருக்கிற தன் வீட்டுக்குப் போன பிறகு பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு சீட்டாகத் துழாவினாள். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், பழைய துண்டில் சுற்றி, அது இருந்தது. செங்கல் அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டி. முதுகெல்லாம் சீப்புப்பல் போல் தகடுகள். ஒரு பக்கம் சிவப்பு, கறுப்பு வயர்கள், மறுபக்கமும் வயர்கள். மேலே ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் எண்களும். கீழே பிரிக்பீல்ட்ஸ் ரேடியோக் கடை ஒன்றின் முகவரி ஒட்டியிருந்தது.

வீரம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எதுவும் விளங்காதபோது மனிதருக்கு வருகிற விளக்கம் இருக்கிறதே, அதற்கு ஈடான வெளிச்சம் உலகத்தில் கிடையாது. பேட்டரிக்குள்ளிருந்து கரண்ட்டை உறிஞ்சி எடுக்கிற யந்திரம் இது! இதை வைத்துத்தான் பூட்டைத் திறக்காமலே வேலையை முடிக்கிறான்! பெட்டியைச் சேலை முந்தானையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்த பக்கிரிசாமி சீட்டுக்கு அடியில் வெகுநேரம் தேடினான். பிறகு வீட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"அண்ணி, சீட்டுக்கு அடியில ஒரு பொட்டி இருந்துச்சு…"

"என்னா பொட்டி?"

"ஒண்ணுமில்லண்ணி. சும்மா, ஒரு சாமான்."

"ஒண்ணுமில்லாத சாமானுக்கா இவ்ளோ நேரம் தேடுன?"

அவன் வாயைத் திறந்தான். உள்ளே சுவரில் மாலை போட்டுத் தொங்கிய சின்னையாவின் படத்தை ஒரு தரம் பார்த்தான். திரும்பவும் வாயை மூடிக்கொண்டான். அவள் அதையும் மனசுக்குள் முடிந்து வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

"வெள்ளிக்கெழம கோயிலுக்கு வா," என்றாள். "சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. அதுக்கப்பறம் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

பக்கிரிசாமி அவளை நிமிர்ந்து பார்த்தான். முதல் முறையாக அப்படிப் பார்த்தான். "என்னையவா அண்ணி?" என்றான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூட்டம் இருந்தது. பூசை முடிந்த பிறகு பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி அம்மன் முன்னால் தரையில் வைத்தார். சங்கதி எப்படியோ பரவி, தங்கமணியோடு நாலைந்து பேர் சாமி கும்பிடுவது போல் பக்கத்தில் நின்றுகொண்டார்கள். ஊரில் கோர்ட்டும் பொலிஸும் பார்த்துத் தீராத வழக்குகூட இந்தத் தட்டில் தீர்ந்துவிடும். உள்ளங்கையால் நெருப்பை அணைத்துவிட்டால் சொன்னது சத்தியம். பொய் சொல்லி அணைத்தவன் குடும்பம் விளங்காது. இதை நம்பாதவன்கூடக் கையை நீட்டும்போது ஒரு தரம் நடுங்குவான்.

வீரம்மா வாசகத்தை யோசித்து வைத்திருந்தாள். ஓட்டையே இல்லாத வாசகம். "இந்த பேட்டரி சாவுறதுல எங்கையி படல. ஏன் சாவுதுன்னும் எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்லிட்டு அணை."

பக்கிரிசாமி கையை நீட்டினான். நெருப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கை நின்றது. அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சூடம் எரிந்து எரிந்து சிறுத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். அவன் அம்மனைப் பார்த்தான், வீரம்மாவைப் பார்த்தான், கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"பேட்டரிய நான் திருடலண்ணி. அத வேணும்னா சொல்லி அணைக்கிறேன்."

"நான் சொன்னத சொல்லு."

"அத சொல்ல முடியாது."

சுற்றி நின்றவர்களிடம் 'ஆ' என்று ஒரு மூச்சு எழுந்தது. தங்கமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கிரிசாமி சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சூடம் தானாக அணைந்தது.

வீரம்மா ஜெயித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து ஜெயித்த சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அழுதுவிட்டுச் சோறு வடித்தாள். புருஷனும் போனான், அவன் தம்பியும் இப்படிப் போனான் என்று இருந்தது. ஆனாலும் பஸ் பிழைத்தது, இனிமேல் பயமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சுங்கை பூலோவிலிருந்து ராதாகிருஷ்ணன் என்கிற இளம் ஓட்டுநர் வந்தான். ஐந்தாவது பேட்டரி வந்தது. வேலைக்கு வந்த முதல் வாரமே அவன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி உள்ளே பார்த்தான்.

"அக்கா, இங்க ஒரு சின்ன வயரு தனியா போவுதே?"

"அது சாமி வெளக்குக்குப் போறது. அதுல கைய வைக்காத."

"ஓகேக்கா," என்றான் அவன். சாமி விஷயத்தில் தலையிட அவனுக்கென்ன தலையெழுத்தா?

சில வாரங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு காலை 'டக்' என்ற அந்தச் சத்தம், வீட்டுக்குள்ளிருந்த வீரம்மாவின் காதில் விழுந்தது. லோரிக்காரன் உடனே வயர் கொடுத்ததால் அன்று குத்தகை பிழைத்தது.

அவள் முதலில் ராதாகிருஷ்ணனைத்தான் சந்தேகப்பட்டாள். 'இவனும் அவன் ஆளு. பேசி வச்சு அனுப்பியிருக்கான்!' அன்று முழுக்க அதையே நம்பிப் பார்த்தாள். மாலையில் அந்தச் சந்தேகம் நிற்கக் காலில்லாமல் விழுந்துவிட்டது. பக்கிரிசாமி யாரோடும் பேசி வைக்கத் தெரிந்தவன் இல்லை. வாயைத் திறக்காததுதானே அவன் மேல் அவளுடைய குற்றச்சாட்டே. மனசுக்குள் ஏதோ வேண்டாத ஒன்று தலை நீட்டியது. அதை அமுக்க அவளுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த பெட்டியை எடுத்தாள். அதை விற்றவன் வாயாலேயே அது திருட்டு யந்திரம் என்று கேட்டுவிட்டால் இந்தக் குடைச்சல் ஓயும்.

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. யோகநாதன் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு ரேடியோவின் குடலை உருவிக்கொண்டிருந்தார். வீரம்மா பெட்டியை மேசைமேல் வைத்தாள். பொலிஸ்காரி மாதிரி கேட்டாள்.

"இது என்னா சாமான்? இத வச்சு என்னா செய்வாங்க?"

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இது நான் குடுத்த கன்வர்ட்டர் எல்லோ. இன்னும் பஸ்ஸில மாட்டிப் பூட்டேல்லையே? காப்பாரில இருந்து ஒரு மனுசன் வந்து வாங்கினவர். பஸ் ஓடுறவர். பிழை ஏதுமோ?"

"பேட்டரியில இருந்து கரண்ட்ட எடுக்குற சாமானா?"

அவர் சிரித்தார். "எடுக்கிறதுதான். ஆனா நியாயமா எடுக்கும். இருங்கோ, சொல்லுறன். பஸ்ஸுக்கு இருபத்துநாலு வோல்ட். பன்னிரண்டு, பன்னிரண்டா ரெண்டு பேட்டரி சேர்ந்தாத்தான் அது வரும். அந்த மனுசன் ஒரு கார் விளக்கை பஸ்ஸில போட்டிருக்கிறார். கார் விளக்குக்குப் பன்னிரண்டுதான். இருபத்துநாலைக் குடுத்தால் எரிஞ்சு போயிடும். அதால ஒரு பேட்டரியில மட்டும் வயரை எடுத்துவிட்டார். ஒரே நுகத்தில ரெண்டு மாடு கட்டி, ஒண்டை மட்டும் ராப்பகலா செக்கும் இழுக்க வச்ச மாதிரி. தீனி ரெண்டுக்கும் ஒரே அளவு. ஒண்டு தின்ன மாட்டாமல் கொதிக்கும், மற்றது பசியில சாகும்."

வலப்பக்கம் தண்ணீர் கொதித்து வற்றுகிறது என்று பக்கிரிசாமி சொன்னது வீரம்மாவின் காதுக்குள் கேட்டது.

"இதைப் பூட்டினால் ரெண்டு பேட்டரியில இருந்தும் சமமா எடுத்து, பன்னிரண்டாக் குறைச்சு விளக்குக்குக் குடுக்கும்," என்றார் அவர். "நான் கேட்டனான், 'ஏன் தம்பி இந்தச் செலவு? விளக்கை அணைச்சு விடும், சரியாப் போகும்' எண்டு. மாட்டன் எண்டுட்டார். 'அது அண்ணன் விளக்கு. வருசம் முடியுமட்டும் அணையக் கூடாது எண்டு அண்ணி சொன்னவ. அந்த விளக்குத்தான் பேட்டரியைத் தின்னுது எண்டு தெரிஞ்சால், அவவே பிடுங்கிப் போட்டுட்டு இருந்து அழுவா. அவவுக்குத் தெரியாமல் பூட்டிவிடவேணும்' எண்டார். அண்ணி கோயிலுக்குப் போற நேரமாப் பார்த்து, பேட்டரிப் பெட்டியைத் திறவாமல் விளக்குப் பக்கத்தால பூட்டப்போறாராம்." கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீங்கள் அவருக்கு ஆர்?"

வீரம்மாவுக்கு அண்ணி என்கிற சொல் வாயில் வரவில்லை. "தெரிஞ்சவங்க," என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தவள் கதை ஆகிவிட்டது. திருடனைத் தேடி நாள் முழுக்க நடந்து, தன் வீட்டு வாசலில், தன் கையால் ஏற்றிய விளக்கின் முன்னால் வந்து நின்றிருந்தாள். 'எங்கையி படல' என்று அவனைச் சொல்லச் சொன்னாளே! வயர் இழுத்தது அவன் கைதான். 'ஏன் சாவுதுன்னு தெரியாது' என்று சொல்லச் சொன்னாளே! அவனுக்குத் தெரியும். பொய்யாக அணைத்துவிட்டுப் போயிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அம்மன் முன்னால் அவன் பொய் சொல்லவில்லை. அவ்வளவு பேர் நடுவில் உண்மையைச் சொல்லி அவளைக் குறுக வைக்கவும் இல்லை. தான் திருடன் என்கிற பெயரை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காப்பாருக்குப் போனாள். பக்கிரிசாமியின் மனைவி லெட்சுமி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்து, "வாங்கக்கா," என்றாள். சொல்லில் குறையில்லை. குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே உட்காராமல் நின்றாள். பக்கிரிசாமி மீன் லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். வந்தவன் வீரம்மாவின் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துகொண்டான்.

"ஏன் தம்பி அன்னைக்கே சொல்லல?" என்றாள் அவள்.

"நீங்க சத்தியந்தாண்ணி கேட்டீங்க. என்னா ஏதுன்னு கேக்கலியே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள்.

"நான் பாவி. எம்புத்தி கெட்டுப் போச்சு. வெளக்க புடுங்கிப் போட்டுடறேன் தம்பி. நீ வந்து பஸ்ஸ எடு."

"வெளக்க புடுங்காதீங்க. அது அண்ணனோடது," என்றான் அவன். "ஞாயித்துக்கெழம வந்து இத மாட்டிக் குடுக்கறேன்."

சொன்னபடி வந்தான். இடப்பக்கத்தில் ஆறாவது பேட்டரி உட்கார்ந்திருந்தது. வீரம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். அவன் பூட்டைத் திறந்து, தன் கையால் மாட்டிய அந்த மெல்லிய வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றினான். இறந்தவனின் விளக்கு அணைந்தது. பதினாறாம் நாளிலிருந்து அணையாத விளக்கு. வீரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆகாது என்று பயந்திருந்தாளே, ஆக வேண்டியதெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஆகிவிட்டது என்று அப்போது தோன்றியது. கண்ணைத் திறந்தபோது, அலுமினியப் பெட்டி பஸ்ஸின் பக்கச் சுவரில் திருகாணி போட்டு உட்கார்ந்திருந்தது. பேழைக்குள் சிவப்பு பல்புகள், அவள் ஒருநாளும் பார்த்திராத பிரகாசத்தோடு எரிந்தன. சின்னையாவின் படம் சிரித்தது.

பக்கிரிசாமி கையைத் துடைத்துக்கொண்டான். வீரம்மா பஸ் சாவியை எடுத்து நீட்டினாள். "ராதாகிருஷ்ணன்கிட்ட சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து நீ எடு தம்பி."

அவன் அதை வாங்கவில்லை.

"பேட்டரின்னா ஒருநா பழசாகியும் சாவும் அண்ணி," என்றான். "அப்ப நான் எங்க போயி சூடம் அணைக்கறது?"

இனிமேல் சந்தேகப்பட மாட்டேன் என்று அவள் சொல்லலாம். அதை அவன் நம்பவேண்டுமே.

"அண்ணன் திதிக்கு வந்துருவேன். வேற யாரையும் வச்சு காரியம் பண்ணிடாதீங்க. அது வேற, இது வேற," என்றான். பிறகு குனிந்து பேட்டரிப் பெட்டியை மூடினான். அந்தப் பித்தளைப் பூட்டைத் தானே எடுத்து மாட்டி அழுத்தினான். இழுத்துப் பார்த்தான். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இன்னொன்னும் ஒங்ககிட்டதான் இருக்கு. சரியா இருக்கான்னு பாத்துக்குங்கண்ணி."

மோட்டார் சைக்கிள் சத்தம் ரோட்டு முனையில் தேய்ந்தது. வீரம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் பக்கத்திலேயே நின்றாள். பூட்டிய பெட்டிக்குள் பேட்டரி இரண்டும் பத்திரமாக இருந்தன.